வீடு லொறியில் வரும், காணி வராது

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தெமட்டகொடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் பேசியது. மலையில் இருக்கும் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதால் முழுவதையும் இங்கே தருகிறோம்.)



பதுளைக் கோச்சியில் வந்தால் மருதானைக்கு முந்தின ஸ்டேஷன் இந்தத் தெமட்டகொடை. மருதானையில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே இங்கு வந்து சேர்ந்தவர்கள் உங்களில் பலர். கடையில் நிற்கிறீர்கள், ஹோட்டலில் வேலை செய்கிறீர்கள், கார்மென்டில் தைக்கிறீர்கள், மற்றவர் வீட்டில் சமைக்கிறீர்கள். ஒரு ரூமில் நாலு பேர், ஐந்து பேர் இருந்து, சாப்பாட்டைக் கூடக் குறைத்துக் காசு சேர்க்கிறீர்கள். எதற்காக என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஒரே பதில்தான். "ஊரில அம்மா அப்பாவுக்கு ஒரு நல்ல வீடு வேணும் ஐயா."

இந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில், ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் படுக்கை, நடுவில் பிள்ளையின் புத்தகம் என்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கியதும் முதலில் வீட்டைத்தான் நினைக்கும்.

இப்போது அந்த ஆசைக்குச் சுலபமான வழி ஒன்று கண்ணில் படுகிறது. தொழிற்சாலையில் செய்து, துண்டு துண்டாக லொறியில் ஏற்றி வந்து, இரண்டு மூன்று நாளில் பொருத்தித் தருகிற வீடு. ரெடிமேட் வீடு என்கிறார்கள், பெனல் வீடு என்கிறார்கள். நம்ம ஆட்கள் வைத்த பெயர் பெட்டி வீடு. "லயத்துக்குப் பின்னால காய்கறி போடுற இடத்தில ஒண்ணு வைக்கலாமா?" என்று இந்தக் கூட்டத்துக்கு வருமுன்பே பலர் எங்களிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் இன்றைக்கு வேறு எதுவும் பேசாமல் இதையே பேசுவோம்.

எங்கள் பிழை

புத்தி சொல்ல முன், எங்கள் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர், காலைப் பெரட்டு முடிந்த கையோடு எங்களிடம் வந்தார். "ஐயா, எங்க மூத்த புள்ள தெமட்டகொடையில ரூம் எடுத்து இருக்குது. நாலு வருசமா சீட்டுக் கட்டி காசு சேத்திருக்கு. லயத்துக்குப் பின்னால வைக்க ஒரு பொட்டி வூடு பாத்திருக்காளாம். தம்பிக்காரன் படிக்க ஒரு எடம் வேணுமுன்னு சொல்றா. வாங்கச் சொல்லவாங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கு மாத அறிக்கை அனுப்புகிற அவசரம் எங்களுக்கு. "நல்ல விசயந்தானே அம்மா, வாங்கச் சொல்லுங்க. மத்ததைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டோம். அந்த "பிறகு பார்ப்போம்" பதினொரு மாதம் எடுத்தது.

வீடு வந்தது. தோட்டத்துக்குக் கீழே இருக்கிற சின்னப் பாலத்தடியில் லொறி நின்றுவிட்டது. பாரம் தாங்காது, இதற்கு மேல் வர மாட்டேன் என்றார் டிரைவர். பில்லில் "லொறி போகும் இடம் வரை" என்று எழுதியிருந்ததை அப்போதுதான் வாசித்தோம். சொந்தக்காரரும் பக்கத்துக் காம்பராக்காரரும் சேர்ந்து, சுவரையும் கூரையையும் தோளில் வைத்துக் குறுக்குப் பாதையில் ஏற்றினார்கள். பாதி வழியில் மூலைகள் நெளிந்தன. மேலே கொண்டு போய் இறக்கியதும் தோட்டக் காரியாலயத்திலிருந்து ஆள் வந்தது. அனுமதிக் கடிதம் இல்லாமல் புதுக் கட்டடம் வைக்க முடியாது என்றார்கள். அதில் அவர்கள் மேல் பிழை இல்லை. கடிதம் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

வைக்கப் பார்த்த இடமும் சரியில்லை. பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மண் மேடு. மழைக்கு அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, அந்த வீடு துண்டு துண்டாகப் பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் தறப்பாளுக்குக் கீழே பதினொரு மாதம் கிடந்தது. வெட்டின ஓரங்களில் துரு பிடித்தது. எலி ஓட்டை போட்டது. இங்கே அந்தப் பிள்ளை மிச்சக் காசுக்கு எடுத்த கடனை மாதா மாதம் கட்டிக்கொண்டிருந்தாள். தம்பி அதே காம்பராவில், அதே அடுப்புப் புகையில் இருந்தே உயர்தரப் பரீட்சை எழுதினான்.

கடிதம் எடுத்து, வேறு இடம் பார்த்து, வீட்டை நிறுத்தினோம். அதற்குள் தம்பியும் கடை வேலைக்குக் கொழும்புக்கு வந்துவிட்டான்.

அந்தப் பிள்ளை எங்களைத் திட்டவில்லை. ஒரு தரம் ஊருக்கு வந்தபோது, "ஐயா, அன்னைக்கு நீங்க அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாப் போதும், எங்க வைக்கப் போறீங்கன்னு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காமல் நாங்கள் யாரையும் அனுப்புவதில்லை. இன்றைக்கு உங்களிடமும் அதைத்தான் கேட்க வந்தோம்.

மண் யாருடையது?

இங்கிருந்து பேஸ்லைன் வீதியால் பொரளைப் பக்கம் போனால் சஹஸ்புர என்கிற உயர்ந்த மாடிக் கட்டடம் தெரியும். உங்களில் பலர் தினமும் பார்க்கிறீர்கள். 2001ஆம் ஆண்டளவில் கட்டி முடித்தது. அறுநூறுக்கு மேற்பட்ட வீடுகள். அதில் குடியேறியவர்கள் முன்பு பலகையும் தகரமும் அடித்த குடிசைகளில் இருந்தவர்கள். அந்தக் குடிசை வரிசைகளுக்கும் சிங்களத்தில் "வத்த" என்றுதான் பெயர், அதாவது தோட்டம். கொழும்புத் தோட்டத்து ஆட்களுக்கு எப்படி மாடி வீடு கிடைத்தது? குடிசைக்கு விலை இல்லை. ஆனால் குடிசை நின்ற நிலத்துக்கு நகரத்தில் பெரிய விலை இருந்தது. அந்த நிலத்தை விடுவித்து, அதன் பெறுமதியைக் கணக்கில் வைத்தே மாடி கட்டுகிற திட்டம் போட்டார்கள். மாடி வீட்டிலும் குறைகள் உண்டு. அதை அங்கு இருப்பவர்கள் சொல்வார்கள். நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வீட்டைப் பற்றிய பேச்சு நிலத்தைப் பற்றிய பேச்சில்தான் தொடங்கியது.

நமது கதைக்கு வருவோம். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்படி தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர். நாம் தாத்தா காலம் தொட்டு லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டி போஞ்சியும் கோவாவும் போடுகிறோம். அது நம்ம கை பட்ட மண். அதில் நமக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் நியாயம் வேறு, காகிதம் வேறு. அந்தப் பாத்தியின் மேல் ஐந்தாறு லட்சம், பத்து லட்சம் என்று காசைக் கொண்டு போய் வைக்கிற நாளில் காகிதம்தான் பேசும்.

இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். இந்த வீடுகள் ஏறக்குறைய 550 சதுர அடி. அதைவிடப் பெரிய விசயம், வீட்டோடு 7 பேர்ச் காணி என்பது. 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. முன்னால் ஒரு முற்றம், பின்னால் ஒரு பாத்தி போடலாம். லயத்திலிருந்து அங்கு போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சுவரை விட, "இது நம்ம இடம்" என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

உங்களில் ஒருவர் கேட்கலாம்: "ஐயா, காணி நம்மது இல்லைங்கிறதாலதானே பெட்டி வீடு நல்லம்? கழட்டிக்கிட்டுப் போயிரலாமே?" நல்ல கேள்வி. அதில் உண்மை இருக்கிறது. கல்வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பெட்டி வீட்டைப் போகலாம். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். கழட்டக் கூடிய வீட்டில் இருப்பவரிடம் "கழட்டுங்கள்" என்று சொல்வதும் சுலபம். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த மலையில் இருந்தும் காணி கேட்டுக்கொண்டே இருக்கிற சனம் நாம். பெட்டி வீடு வந்துவிட்டது என்று அந்தக் கேள்வியை நாமே விட்டுவிடக் கூடாது.

இரும்பு வீட்டுக் கதை

பெட்டி வீட்டைப் பற்றி நாடே பேசிய காலம் ஒன்று உண்டு. 2015, 2016ஆம் ஆண்டுகளில், போரில் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 இரும்பு வீடுகள் கொடுக்க அப்போதைய மீள்குடியேற்ற அமைச்சு திட்டமிட்டது. ஆர்செலர் மித்தல் என்கிற பன்னாட்டு உருக்குக் கம்பனி தருவதாக இருந்தது. முதலில் பேசிய விலை வீடொன்றுக்கு ஏறக்குறைய 21 லட்சம் ரூபாய். தளபாடம், சூரிய மின்தகடு எல்லாம் சேர்த்து என்றார்கள். யாழ்ப்பாணத்தில் உரும்பிராயில் மாதிரி வீடு நிறுத்திக் காட்டினார்கள்.

போய்ப் பார்த்தவர்கள் சும்மா திரும்பவில்லை. அத்திவாரம் போதுமா? வெயிலில் உள்ளே இருக்க முடியுமா? ஒரு பக்கம் உடைந்தால் ஊர் மேசன் பாஸ் திருத்துவாரா, கம்பனி ஆள்தான் வர வேண்டுமா? மகளுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு அறை கூட்டிக் கட்டலாமா? இந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே, ஊர் ஆட்களுக்கும் வேலை கிடைக்குமே? இப்படிக் கேட்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர்களும் மாதிரி வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுத்தில் கொடுத்தார்கள். அரசியல்வாதிகளும் பேசினார்கள், பத்திரிகைகளும் எழுதின. கடைசியில் அந்த 65,000 வீட்டுத் திட்டம் போட்டபடி நடக்கவில்லை.

இதைச் சொல்வது எந்தக் கம்பனியையும் குறை சொல்ல அல்ல. ஒரு பெரிய கம்பனி, ஒரு அமைச்சு, 65,000 வீடு என்று வந்தபோதும், சாதாரண சனங்கள் நின்று நிதானமாகக் கேள்வி கேட்டார்கள். சொந்தக் காசு கொடுத்து ஒரு வீடு வாங்குகிற நாம் கேட்காமல் இருக்கலாமா?

பெட்டி வீடு கூடாது என்றும் சொல்ல வரவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்காகப் பிரித்தானியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டி வீடுகளை வைத்தார்கள். பத்து வருடத்துக்கு என்று வைத்தது, பல வீடுகள் நாற்பது ஐம்பது வருடம் தாண்டியும் நின்றன. அவ்வளவு தூரம் ஏன்? நம்ம தேயிலைத் தொழிற்சாலைகளையே பாருங்கள். பழைய தொழிற்சாலைகளில் பல, இரும்புத் தூணும் தகரமும் கொண்டு வந்து ஆணி முறுக்கிப் பொருத்தியவைதான். தாத்தா காலத்துத் தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. காரணம், கீழே நல்ல அத்திவாரம், சுற்றிலும் கான், துரு பிடிக்க முன் வெள்ளிப் பெயின்ட். பெட்டிக்கும் அதே கவனிப்புத்தான் ஆயுள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

விற்கிறவர் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வார். நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கப்பலில் சாமான் வந்த கொள்கலன் பெட்டியை வெட்டிக் கதவு ஜன்னல் வைத்தது. இருபது அடிப் பெட்டி என்றால் அகலம் எட்டு அடி, ஆக 160 சதுர அடி. வெறும் பெட்டியே இரண்டு தொன்னுக்கு மேல் பாரம். கிரேன் இல்லாமல் இறக்க முடியாது. நம்ம தோட்டத்துப் பாதைகளில், பாலங்களில் இது எத்தனை இடத்துக்குப் போகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அதன் பலகைத் தரைக்குப் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். சின்னப் பிள்ளை தவழ்கிற வீடென்றால் தரையை மாற்றச் சொல்ல வேண்டும்.

இரண்டு, பெனல் வீடு. மெல்லிய தகரம் இரண்டு, நடுவில் ரிஜிபோம் மாதிரியான நுரை. பாரம் குறைவு, தோளில் கூடத் தூக்கலாம். நுரை இருப்பதால் வெயிலும் குளிரும் சட்டென்று உள்ளே வராது. ஆனால் மூன்று விசயம் கவனம். முதலாவது நெருப்பு. அந்த நுரை சூடு பட்டால் உருகும், பிடித்தால் கரும்புகையோடு எரியும். விறகடுப்பை இதற்குள் வைக்கவே கூடாது. அடுப்பு தனியாக, கல் கட்டிய இடத்தில் இருக்க வேண்டும். சாமி விளக்கையும் சுவரோரம் வைக்காதீர்கள். இரண்டாவது ஈரம். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில், கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் படுத்தால் விடியும்போது சுவரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். காற்றுப் போக மேலே துவாரம் வேண்டும். இல்லாவிட்டால் துணியெல்லாம் பூஞ்சணம், பிள்ளைக்கு இருமல். மூன்றாவது காற்று. பாரம் குறைந்த வீட்டைக் காற்று தூக்கும். கீழே கொங்கிறீட்டில் ஆணி இறக்கி முறுக்காமல் வெறும் கல்லின் மேல் வைத்தால் சோளகக் காற்றுக்கு நிற்காது.

மூன்று, இரும்புச் சட்டம் நிறுத்தி, சுவருக்கு சீமெந்துப் பலகை அடிக்கிற வீடு. விலை கூட. ஆனால் நெருப்புக்குப் பயம் குறைவு, ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

எதை வாங்கினாலும் அத்திவாரம், படி, கான், கக்கூஸ் குழி, தண்ணீர்க் குழாய், மின்சாரம் ஆகிய ஆறும் பெட்டிக்குள் வராது. விளம்பரத்தில் போட்டிருப்பது பெட்டியின் விலை மட்டும். இந்த ஆறுக்கும் தனிக் கணக்குப் போடுங்கள். பழைய சோனகத் தெருவில் ஒரு நாள் ஏறி இறங்கி, சீமெந்து, கம்பி, குழாய் விலை கேட்டு எழுதிக்கொண்டு, ஊர் மேசன் பாஸிடம் கூலியும் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். சில பேருக்கு அந்தக் கணக்கு முடிகிறபோது, "இதுக்குக் கல்லு வச்சே ரெண்டு அறை கட்டிரலாமே" என்று தோன்றும். கல்வீட்டை இந்த வருடம் ஒரு அறை, அடுத்த வருடம் ஒரு அறை என்று கட்டலாம். பெட்டியைப் பாதி வாங்க முடியாது.

காசு கொடுக்க முன் ஐந்து கேள்வி

இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனாலும் போதும்.

முதல் கேள்வி: கடிதம் இருக்கிறதா? தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். எந்த டிவிஷன், எந்த லயம், எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கடிதத்தில் இருக்க வேண்டும். "தொரை சரின்னுட்டாரு" என்பது போதாது. துரை மாறிப் போவார், கடிதம் மாறாது. பிரதேச சபையிலும் கட்டட அனுமதியைப் பற்றிக் கேளுங்கள். சொந்த உறுதி உள்ள காணி என்றால் உறுதிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் எடுத்துத் தருவது நலன்புரி உத்தியோகத்தரின் வேலை. அவர் "பிறகு பார்ப்போம்" என்றால் விடாதீர்கள்.

இரண்டாவது: மேடு என்ன சொல்கிறது? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழைக்குக் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை மேடு இறங்கியது என்பதையும் பார்த்தோம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்ட முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுக்க வேண்டும். பெட்டி வீடு என்பதால் மண் பார்த்துச் சரியாது. மேட்டை நட்டுக்கு வெட்டி அதன் அடியில் வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். மேலே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள். கக்கூஸ் குழி பீலிக்கும் ஊற்றுக்கும் 50 அடிக்காவது தள்ளி, கீழ்ப்பக்கமாக இருக்கட்டும்.

மூன்றாவது: பாதை எதுவரை? லொறி நிற்கிற இடத்திலிருந்து வீடு வைக்கிற இடம் வரை நீங்களே நடந்து பாருங்கள். பாலம், வளைவு, மின்கம்பி எல்லாம் பாருங்கள். விற்கிறவரை ஒரு தரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

நாலாவது: பில்லில் என்ன எழுதியிருக்கிறது? தகரத்தின் தடிப்பு, கதவு ஜன்னல் எத்தனை, கூலி யாருடையது, ஏற்றுக்கூலி எதுவரை, எத்தனை நாளில் தருவது, எத்தனை வருட உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் வேண்டும். முழுக் காசையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். முற்பணம் கொஞ்சம், சாமான் வந்து இறங்கியதும் கொஞ்சம், வீடு நின்ற பிறகு மிச்சம். ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு. யார் காசோ அவர் பெயரில் பில் இருக்கட்டும். தங்கச்சி உழைத்த காசுக்கு மச்சான் பெயரில் பில் போடாதீர்கள், பிறகு குடும்பத்துக்குள் சண்டை. ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கையில் பில் இருந்தால்தான் முறைப்பாட்டுக்குப் பலம்.

ஐந்தாவது: காசு எங்கிருந்து வருகிறது? சீட்டுக் காசு, சேமிப்பு என்றால் நல்லது. கிழமைக் கடன் எடுத்துப் பெட்டி வீடு வாங்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். வீடு துருப்பிடிக்கும், கடன் துருப்பிடிக்காது. அம்மா அப்பாவின் சேமலாப நிதியிலிருந்து, பத்து வருடத்துக்கு மேல் பணம் கட்டியவர்கள், போதிய இருப்பு இருந்தால் 30 வீதம் வரை வீட்டுத் தேவைக்கு முன்கூட்டி எடுக்கலாம். அதற்கும் காணிப் பத்திரம் கேட்பார்கள். ஆக, மறுபடியும் முதல் கேள்விக்கே வந்துவிடுகிறோம். அதோடு, அது வயதான காலத்துக் காசு. மலையில் ஏற முடியாத நாளில் சோறு போடுகிற காசு. எடுக்க முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

யாருக்குப் பொருந்தும்?

இவ்வளவு கேட்ட பிறகும், சிலருக்குப் பெட்டி வீடு சரியான வழியாக இருக்கலாம். கடிதம் கையில், இடம் சமதரை, லொறி வாசல் வரை வரும், அடுப்பு தனியாக இருக்கிறது, பிள்ளைக்குப் படிக்க ஒரு அறைதான் தேவை என்றால் தாராளமாக வாங்கலாம். மண்சரிவுக்குப் பயந்து பாடசாலையில் தங்கியிருக்கிற குடும்பத்துக்கு, பத்திரமான இடம் ஒன்று கொடுத்தால், கல்வீடு வரும்வரை இது உதவும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் அவசரத்துக்கு வைத்ததையே என்றைக்கும் போதும் என்று யாரும் நம் தலையில் கட்டிவிட விடக் கூடாது. லயமும் ஒரு காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்களுக்குக் கொஞ்ச நாளைக்கு என்று கட்டியதில் எத்தனை தலைமுறை பிறந்துவிட்டது!

தம்பி, தங்கச்சி, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த தரம் ஊருக்குப் போகும்போது, பெட்டி வீட்டுப் படத்தை அம்மாவுக்குக் காட்ட முன், ஒரு நூலையும் நாலு குச்சியையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். அளந்து குச்சி அடியுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேட்டைப் பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அந்த அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். கடிதத்தை அங்கிருந்து தொடங்குவோம். கடிதம் வந்த பிறகு கடைக்குப் போவோம். இந்த வரிசை மாறக் கூடாது.

நாங்கள் சொன்ன அந்தப் பிள்ளையும் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் பின் வரிசையில் இருக்கிறாள். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். தன் கதையைச் சொல்லச் சொன்னதும் அவள்தான். "இன்னொரு வீடு தறப்பாளுக்குக் கீழ கெடக்கக் கூடாது ஐயா" என்றாள். அவளுக்கும், நான்கு வருடம் சீட்டுக் கட்டுகிற உங்கள் எல்லோருக்கும், நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.